திண்ணையில் படுத்தவன்

அன்புள்ள டாக்டருக்கு,

நான் பயிற்சி மருத்துவர். தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. பாடப்புத்தகம் நோயின் பெயரில் தொடங்குகிறது. வருகிறவர் யாரும் பெயரோடு வருவதில்லை. நோயாளிகளின் கதைகளைப் படித்தால் தேறலாம் என்றார்கள். ஐம்பது அறுபது படித்துவிட்டேன். சுவையாகத்தான் இருக்கின்றன, இரவுப் பணியில் ஒன்றுகூட உதவிக்கு வருவதில்லை. எங்கே தவறு?

பெயர் வேண்டாமே.

அன்புள்ள மருத்துவருக்கு,

நீங்கள் படித்த கதைகளின் தலைப்புகளை ஒருமுறை பாருங்கள். பாதிக்கு மேல் தலைப்பிலேயே நோயின் பெயர் இருக்கும். விடையோடு சேர்த்துச் சொன்ன விடுகதை அது. போதாததற்கு, ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயாகத் தேடிப் பிடித்து எழுதுகிறார்கள்.

என் கதை ஒன்றை, அது நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். நானும் அப்போது பயிற்சி மருத்துவன். விடியற்காலை நான்கு மணி. பதினேழு வயதுப் பையன். வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. இரவு திருவிழாக் கடையில் பரோட்டா தின்றான் என்றார் அம்மா. வயிறு மெத்தென்று இருந்தது, நாடியும் ரத்த அழுத்தமும் சரி. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைத்தேன்.

இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு, நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

ஐந்தரைக்கு, "கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறான், தூக்கம் போல" என்றார் அம்மா. நானும் தூக்கம் என்றே நினைத்தேன். பணியிலிருந்த மூத்த நர்ஸ் அவனிடம் போய், "தலையைத் தூக்கு தம்பி" என்றார். முடியவில்லை. "ஒரே மூச்சில் எண்ணு." ஒன்பதில் நின்றுவிட்டது, குரல் மூக்கால் வந்தது. பிறகு அம்மாவிடம் திரும்பி, நான் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ராத்திரி எங்கே படுத்திருந்தான்?" திண்ணையில், பாய் விரித்து.

கட்டுவிரியன். அதன் பல் சிறியது; தூங்குகிறவருக்குக் கடித்தது தெரியாமலே போகலாம். வீக்கம் இராது, பல சமயம் தடமும் இராது. வயிற்றுவலி முதலில் வரலாம், இமை பிறகு சரியும். அப்போதும் ஒரு மூத்த மருத்துவர், கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்த ரத்தம் உறைந்துவிட்டதே, பாம்பு இல்லை என்றார். அந்தச் சோதனை கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும் பிடிக்கும். நரம்பைத் தாக்கும் விஷத்தில் ரத்தம் ஒழுங்காகவே உறையும். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினோம். நரம்பு முனையே பழுதான பின் மருந்து ஏறியவுடன் இமை திறந்துவிடாது, மூச்சை நாம்தான் தாங்க வேண்டும். குழாய் போட்டு, வென்டிலேட்டர் கிடைக்கும்வரை கையால் பையை அமுக்கினோம்.

மறுநாள் கண்மணி விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்கு அசையவில்லை. "மூளை போய்விட்டது" என்று ஒருவர் கட்டிலருகிலேயே சொன்னார். கண்மணியையும் விஷம் முடக்கும் என்பது அவர் நினைவில் இல்லை. ஐந்தாம் நாள் விரல் அசைந்தது. குழாயை எடுத்ததும் பையன் கேட்டான், யாருக்கு மூளை போய்விட்டது என்று.

இந்தக் கதைக்குக் "கட்டுவிரியன் கடி" என்று தலைப்பிட்டிருந்தால் உங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

1900-இல் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், சட்டம் படித்த தன் அறைத்தோழர் வழக்குகளை வைத்து ஆர்வமாக விவாதிப்பதைப் பார்த்துவிட்டு, நமக்கும் இந்த முறை வேண்டும் என்று எழுதினார். மருத்துவர் ரிச்சர்ட் கேபட் அதைப் பாஸ்டனில் நடத்திக் காட்டினார். இறந்த நோயாளி ஒருவரின் கதையை வைத்து, பிரேதப் பரிசோதனை முடிவை அறியாத மருத்துவர் எல்லோர் முன்னாலும் யோசிப்பார். முடிவு கடைசியில்தான் வெளிவரும். அவமானப்படத் துணிந்தவர்களுக்கான முறை அது.

நம் பிரிவில் ஒரு சிக்கல் கூடுதல்: நோயின் பெயர் தெரியும் முன்பே கை வேலை செய்ய வேண்டும். அதனால் வாயைத் திறந்து அளவோடு சொல்லிப் பழகுங்கள். ஒவ்வாமையில் மூச்சுத் திணறும் பெரியவருக்கு "அட்ரினலின் கொடுப்பேன்" என்றால் போதாது. 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில், இப்போதே.

நான்கு நண்பர்களோடு உட்காருங்கள். ஒருவருக்கு மட்டும் கதை தெரிந்திருக்கட்டும். கேட்டால் ஒழிய அவர் எதுவும் சொல்லக்கூடாது. முதலில் இந்தப் பையனின் கதையையே வைத்துப் பாருங்கள். யாராவது கேட்கும்வரை திண்ணையைச் சொல்லாதீர்கள்.