கணக்கில் கரண்டைக் காணோம்

அன்புள்ள அக்கா,

நான்கு மாதமாக வீட்டிலேயே பிரெட் சுடுகிறேன். மாவு, ஈஸ்ட், உப்பு விலையைக் கூட்டிப் பார்த்தால் கடை பிரெட் விலையில் பாதிகூட வரவில்லை. பெருமையாக மனைவியிடம் தாளை நீட்டினேன். பார்த்துவிட்டு, "இதில் கரண்டைக் காணோமே" என்றாள். அதோடு என் கணக்கு படுத்துவிட்டது. வீட்டில் சுடுவது உண்மையிலேயே மலிவுதானா, இல்லை நானே என்னை ஏமாற்றிக்கொள்கிறேனா? பிரெட் மெஷின் வாங்கினால் இன்னும் செலவு குறையும் என்கிறார் ஒரு நண்பர். வாங்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் வீட்டில் கணக்கு யாருக்கு வரும் என்பது தெரிந்துவிட்டது. கரண்டில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

வீட்டு ஓவன் பெரும்பாலும் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். முதல் கால் மணி நேரம், இருபது நிமிடம் மூச்சுவிடாமல் இழுக்கும். சூடேறியதும் அதன் சின்ன விளக்கு அணைந்து அணைந்து எரியும், பார்த்திருப்பீர்கள். விளக்கு எரியும்போது மட்டும்தான் கரண்ட் போகிறது. எல்லாம் சேர்த்து ஒரு பிரெட்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைக்கும் சின்ன ஓவனில் இதைவிடக் குறையும். உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, தாளில் மாவுக்குக் கீழே எழுதுங்கள். கரண்ட் விலை ஏறின இடத்தில் அந்த வரி மாவு வரியோடு போட்டி போடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்தச் செலவில் பாதிக்கு மேல் ஓவனின் இரும்பையும் காற்றையும் சூடாக்கவே போகிறது. உள்ளே ஒரு டின் இருக்கிறதா இரண்டு இருக்கிறதா என்பது ஓவனுக்குப் பெரிய விஷயமே இல்லை. இரண்டாகச் சுட்டால் ஒரு பிரெட்டின் கரண்ட் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். வாரத்தில் மூன்று நாள் ஒவ்வொன்றாகச் சுடுகிறவர் மிச்சம் பிடிக்கிறார் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

மாவுக் கணக்கிலும் ஒரு திருத்தம். பிரெட்டை எண்ணிக்கையில் ஒப்பிடாதீர்கள், தராசில் வையுங்கள். அரைக் கிலோ மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். பிசைந்தால் 840 கிராம். வேகும்போது நூறு கிராம் போல ஆவியாகப் போகும், வெளியே வருவது சுமார் 740 கிராம். அதாவது மாவின் எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கடை பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். கிராமுக்குக் கிராம் பார்த்தால் நீங்கள் நினைத்ததைவிட உங்கள் பக்கம் லாபம் கூடலாம்.

ஈஸ்ட்டைச் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குகிறீர்களா? அங்கேதான் காசு கசிகிறது. அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் வேலை செய்யும். இரவு முழுவதும் புளிக்க விடுவதாக இருந்தால் அரைக் கிலோ மாவுக்குக் கால் டீஸ்பூன் போதும். ஈஸ்ட்டே வேண்டாம், புளித்த தாய்மாவு (மாவையும் தண்ணீரையும் கலந்து தானாகப் புளிக்கவிட்டு வளர்த்துவரும் கலவை) வைத்துச் சுடுகிறேன், அது இலவசம் என்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தத் தாய்மாவுக்குத் தினமும் 50 கிராம் மாவு போட்டு, பழையதைக் கொட்டினால் வாரத்துக்கு 350 கிராம் ஆயிற்று. அது இன்னொரு பிரெட்டின் மாவில் பாதிக்கு மேல். ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை மட்டும் மாவு போடுகிறவருக்குத்தான் அது மலிவு.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலிவா என்றால், எதைவிட மலிவு?

கடையில் கிடைப்பதிலேயே விலை குறைந்த, மெத்தென்ற வெள்ளை பிரெட்தான் உங்கள் வீட்டில் வாங்குவது என்றால், அதோடு மோதாதீர்கள். இங்கிலாந்தில் சார்லிவுட் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையம் 1961-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடம் அடித்துவிட்டால், மணிக்கணக்கில் புளிக்கவைக்க வேண்டியதில்லை. மாவு மூட்டையைப் பிரித்ததிலிருந்து சுட்டு, ஆற வைத்து, பாக்கெட் போடும் வரை நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாவை டன் கணக்கில் வாங்கி, ஒரே ஓவனில் நூற்றுக்கணக்கில் சுடுகிறவனுக்கு ஒரு பிரெட்டுக்கு ஆகும் சூடு என்ன, கூலி என்ன? நாம் ஒரு டின்னை வைத்துக்கொண்டு அவனை விலையில் ஜெயிப்பது நடக்காத காரியம், அல்லது ஜெயித்தாலும் சில்லறைதான்.

ஆனால் முழுத்தானிய பிரெட், விதை தூவியது, நீண்ட நேரம் புளிக்கவைத்துக் கையால் உருட்டியது என்று வாங்குகிறவராக இருந்தால் கதையே வேறு. அந்த விலையில் பெரும்பங்கு மாவுக்கு இல்லை. ஆளுக்கும், நேரத்துக்கும், கடை வாடகைக்கும் போகிறது. அதையெல்லாம் நீங்களே செய்யும்போது மிச்சம் நன்றாகவே தெரியும். என் வீட்டில் மிச்சமானது இப்படித்தான். வெள்ளை பிரெட்டை நான் இன்றும் கடையில்தான் வாங்குகிறேன்.

உங்கள் நேரத்துக்குக் கூலி போடவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் போடவில்லை. கை வேலை இருபது நிமிடம்தான். மீதி நேரம் மாவு தானாகப் பொங்குகிறது, நாம் வேறு வேலை பார்க்கிறோம்.

ஆனால் கெட்டுப்போனவற்றை எழுதினீர்களா? என் முதல் பிரெட்டுக்கு, வெந்நீர் நல்லது என்று யாரோ சொன்னதை நம்பிக் கொதித்து இறக்கிய தண்ணீரில் ஈஸ்ட்டைப் போட்டேன். அறுபது டிகிரியிலேயே ஈஸ்ட் செத்துவிடும் என்பது அப்போது தெரியாது. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், மாவு வைத்த இடத்தில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தது. விடாப்பிடியாகச் சுட்டேன். கத்தி இறங்கவில்லை. மாவும் போயிற்று, ஒன்றரை யூனிட்டும் போயிற்று. அந்த மாதக் கணக்கில் அதையும் எழுதி வைத்தேன்.

இன்னொரு செலவு யார் தாளிலும் வராது. கடை பிரெட் மூன்று நாள் வரும். வீட்டில் சுட்டது, அந்த வாசனைக்கு, சூடு ஆறுவதற்குள் பாதி காலி. அதிலும் நாம் கத்தியால் வெட்டும் துண்டு கடைத் துண்டைப் போல ஒன்றரை மடங்கு கனம். (அமெரிக்காவில் ரோவெடர் என்பவரின் இயந்திரத்தில் வெட்டிய பிரெட் 1928-இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து மெல்லிய ஒரே அளவுத் துண்டு நமக்குப் பழகிவிட்டது. கையால் அது வரவே வராது.) ஒரு பிரெட் என்ன விலை என்பதோடு, அது எத்தனை வேளைக்கு வந்தது என்றும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பிரெட் விறைத்துப்போவது ஈரம் காய்வதால் மட்டும் இல்லை. பூசெங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-இலேயே காற்றுப் புகாமல் மூடிவைத்த பிரெட்டும் விறைப்பதைக் காட்டினார். உள்ளே இருக்கும் மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது, ஃப்ரிட்ஜ் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு சுட்ட அன்றே ஒன்றைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால், வேண்டும்போது இரண்டு துண்டை எடுத்து நேரே டோஸ்டரில் போடலாம். குப்பைக்கு எதுவும் போகாது.

கடைசியாக மெஷின். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அது சுடும் இடம் சின்னது என்பதால் ஒரு பிரெட்டுக்கு அரை யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஆனால் முதலில் அதன் விலை இருக்கிறதே. கரண்டையும் சேர்த்துத் திருத்திய தாளில் ஒரு பிரெட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று வருகிறதோ, அதனால் மெஷின் விலையை வகுங்கள். விடை நூறு பிரெட் என்று வந்தால், வாரம் ஒன்று சுடுகிறவருக்கு இரண்டு வருஷம். அதுவரை அது பரண்மேல் ஏறாமல் இருக்கவேண்டும். வகுத்தலை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா