இடிக்கலாமா ஆச்சி?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், வாசகர்களின் வீட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு. பதினோரு புள்ளி, அதாவது பங்குள்ள பதினோரு குடும்பம். இப்போது யாரும் குடியில்லை. இரண்டாம் கட்டில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. இடித்துவிட்டு, சோலார் எல்லாம் வைத்து 3000 சதுர அடியில் 'கிரீன் பில்டிங்' கட்டலாம் என்கிறான் மகன். பங்காளிகளும் சம்மதித்துவிட்டார்கள். இடிக்கலாமா ஆச்சி?
– வாசகர், கோலாலம்பூர்

அண்ணே, பதினோரு புள்ளியும் சம்மதித்ததற்கே முதலில் ஒரு கும்பிடு. எங்கள் வீட்டில் கிணற்றடிக் கதவுக்குப் பெயின்ட் அடிக்க நாலு வருஷம் பேசினோம்.

மகனிடம் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட் என்பது மேஸ்திரிக் கணக்கு. 3000 சதுர அடிக்கு 1200 மூட்டை, அதாவது 60 டன். 50 கிலோ மூட்டை ஒன்றைச் செய்யும்போது ஏறக்குறைய 30 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, 36 டன். கம்பி, செங்கல், லாரி எதையும் இதில் சேர்க்கவில்லை. இன்னும் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை.

சிமென்ட் சூளையைச் சோலாரில் ஓட்டினால் சரியாகிவிடாதா என்று மகன் கேட்பான். ஆகாது. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி வரை சுடும்போது கல்லுக்குள் இருக்கிற கரியமில வாயுவே பிரிந்து வருகிறது. சிமென்ட் விடும் வாயுவில் பாதிக்கு மேல் அந்தக் கல்லிலிருந்து வருவதுதான். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டின் பங்கு.

உங்கள் ஐயா காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. சுண்ணாம்பைச் சுடும்போதும் வாயு வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காரை இறுக இறுக, காற்றிலிருந்து அதே வாயுவை வருஷக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. விறகுப் புகையின் கணக்கு மட்டும்தான் மிச்சம். பர்மாத் தேக்கு கப்பலேறி வந்த செலவும் என்றோ தீர்ந்துவிட்டது. நீங்கள் இடித்தால் தூண்களும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகும். மிச்சமெல்லாம் ஏதாவதொரு கண்மாய்க் கரையில் கொட்டப்படும்.

ஒழுகலுக்கு வருவோம். நான் பார்த்த வீடுகளில் பத்துக்கு எட்டில் தண்ணீர் இறங்கிய இடம் கூடுவாய்தான். இரண்டு சரிவும் சேரும் அந்த இடத்தில் தகரம் ஓட்டை விழுந்திருக்கும், இல்லையென்றால் சருகு அடைத்திருக்கும். ஓடுகளைப் பிரித்து, அவற்றைத் தாங்கும் கைமரத்திலும் ரீப்பரிலும் உளுத்ததை மட்டும் மாற்றி, உடையாத ஓடுகளையே திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். ஓடு வேய்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், நான் செய்ததை. 1997-இல் எங்கள் பின்கட்டுச் சுவர் பொரிந்துபோனது. பொறியாளர் என்கிற மிதப்பில் அதன்மேல் சிமென்ட் பூசினேன். மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமென்ட் அதன் வாயை அடைத்துவிட்டது. உள்ளே நின்ற ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரிப் பாளம் பாளமாக உதிர்ந்தது. "படிச்சவ பூசினதாக்கும்" என்று அப்பத்தா ஊர் முழுக்கச் சொன்னார்கள். அப்புறம் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் காரை அரைத்துப் பூசினோம். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சோலார் வேண்டுமென்றால் ஓட்டின்மேல் ஏற்றாதீர்கள். பின்கட்டில் தளம் போட்ட அறை இருந்தால் அதன்மேல் வைக்கலாம். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மின் இணைப்பு எந்தப் புள்ளியின் பெயரில் என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். இன்னொன்று, செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பெருமைதான். அதற்காகப் பட்டியல் வந்து ஓடு மாற்றித் தராது.

கேள்வி: புது வீடு, கான்கிரீட் தளம். ராத்திரி பதினோரு மணிக்கும் கூரை அனல் கக்குகிறது. இரண்டாவது ஏசி வாங்கவா?
– வாசகி, காரைக்குடி

பொறு தாயீ. பகலில் தளம் குடித்த வெயிலைத்தான் ராத்திரி உங்கள்மேல் இறக்குகிறது. மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் செலவை முதலில் செய்யுங்கள். அதுவரைக்கும் பங்குனி பிறக்குமுன் மாடி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிடுங்கள். மேற்குச் சுவரில் வெயில் அறைந்தால் அந்தப் பக்கம் ஒரு கீற்றுப் பந்தல். எங்கள் வளவில், அதாவது திறந்த நடுமுற்றத்தில், சூடு மேலேறி வானத்துக்குப் போய்விடும், உங்கள் வீட்டில் அது போக வழியே இல்லை. படுக்கையறையில் எதிரெதிரே இரண்டு ஜன்னலாவது உண்டா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் புதிதாக வரும் கல்யாண மண்டபத்துக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா?
– வாசகர், தேவகோட்டை

உண்டு. எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு என்று மத்திய அரசு 2007-இல் கொண்டுவந்து, 2017-இல் திருத்தியது. 100 கிலோவாட், அதற்கு மேல் மின்சுமை வாங்கும் வணிகக் கட்டடங்களுக்கானது. நேர்வழியில் போனால் வெளிச்சுவர்ப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி கூடாது. மொத்த மின்செலவு குறைவு என்று கணக்குக் காட்டித் தப்பிக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. மாநிலம் தன் விதிகளில் ஏற்றிக்கொண்டால்தான் உள்ளூரில் செல்லும். வாசலில் மாட்டும் பசுமைச் சான்றிதழ் வேறு, அது விருப்பப்பட்டு வாங்குவது. செட்டிநாட்டு வெயிலில் கண்ணாடி முகப்பு வைக்கிறவருக்கு மின்கட்டணமே பாடம் நடத்தும் என்று நினைக்கிறீர்களா? நடத்தாது. அதை மண்டப வாடகையில் ஏற்றிவிடுவார், கட்டப்போவது பெண்ணைப் பெற்றவர்கள்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பசுமையானதா?
– வாசகி, மதுரை

தரையில் பதிக்கும் அந்த வண்ணக் கல்லில் சிமென்ட் இருக்கிறது. ஆனால் சூளை இல்லை. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைப்பதோடு சரி. சூளையில் வேகும் பளபளா டைலைவிட எனக்கு இது மேல்.

கேள்வி: மழைநீர்த் தொட்டி எங்கள் வீட்டில் பேருக்குத்தான் இருக்கிறது. உண்மையில் பயன் உண்டா?
– வாசகர், புதுவயல்

1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். ஆயா காலத்தில் வளவின் நாலு மூலையிலும் அண்டா வைத்துப் பிடித்தார்கள், மிச்சம் ஊருணிக்குப் போனது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயமென்று சட்டம் வந்தபோது அவசர அவசரமாகக் குழி தோண்டினோம். இப்போது அதன் மூடிமேல் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஐப்பசி பிறக்குமுன் மூடியைத் திறந்து, சேறு கட்டிய மேல்மணலை அள்ளிவிட்டுப் புது மணலும் ஜல்லியும் போடுங்கள். உள்ளே தவளை இருந்தால் விரட்டாதீர்கள், அதுவாகப் போய்விடும்.