எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எப்படியும் கணவர்தான் ஆளப்போகிறார், பிறகு ஏன் ஓட்டுப் போட வேண்டும்?

நிற்கிற எல்லாரும் யாரோ ஒருவரின் மனைவி, யார் ஜெயித்தாலும் நகராட்சிக்குப் போய் வருவது கணவர்தான், இதற்காக எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சலிப்பைப் பார்த்தால், இதுவரை இருந்த ஆண் கவுன்சிலர் உங்களுக்குப் பழக்கமானவர், ஒரு போன் போட்டால் தெருவிளக்கு எரிந்தது, இனி யாரைப் பிடிப்பது என்ற கவலை என்று நினைக்கிறேன். அந்தக் கவலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணவர்தான் ஆள்வார் என்று நீங்கள் முடிவே கட்டிவிட்டதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை. என் அம்மா ஐந்து ஆண்டு கவுன்சிலராக இருந்தவர்.

பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு நகராட்சி. எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆளையும் கட்சியையும் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். வார்டு ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. அங்காடித் தெரு, அதன் பின்னால் முன்பு தறி ஓடிய சந்து, ராவுத்தர் வீடுகள், மாரியம்மன் கோயில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் குறுக்கு வழி. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், அலுவலகத்தில் மலையாளம். ஊருக்குள்ளே இருக்கும் வார்டு என்றால் வசதியானது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பழைய ஊர், பழைய ஓடை, நகர இடமில்லாத சந்து. ஊர்க் கழிவெல்லாம் முதலில் வந்து நிற்பது அங்கேதான்.

கேரளத்தில் 1995 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் இருந்தது. 2009இல் சட்டத்தைத் திருத்தி அதைப் பாதியாக்கினார்கள். 2010 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தபோது எங்கள் வார்டு பெண்கள் வார்டாயிற்று. கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவுக்கு அங்காடியில் சின்ன மளிகைக் கடை, ஊரில் நல்ல பெயர். "உங்கள் வீட்டில் அக்காவை நிறுத்தலாமா?" என்று அப்பாவிடம்தான் கேட்டார்கள். அம்மா அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்தார். ஆக, நீங்கள் போடும் கணக்கைத்தான் அவர்களும் போட்டார்கள். இதை நான் மறைக்கவில்லை.

அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. குடும்பஸ்ரீ என்பது கேரள அரசு பெண்களுக்காக 1998இல் தொடங்கிய சுயஉதவித் திட்டம். அதன் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில், பல ஆண்டுகள் சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் எழுதியவர் அம்மா. எந்த வீட்டில் யார் குடிக்கிறார்கள், எந்த வீட்டில் கிழவிக்கு ஓய்வூதியம் வரவில்லை, எந்த வீட்டுக் கழிப்பறைக்குக் கதவில்லை என்பதெல்லாம் அப்பாவுக்கோ கட்சிக்கோ தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். பிரச்சாரத்தில் அவர் மேடையேறிப் பேசவில்லை. வீடு வீடாகப் போனார், உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார், அடுத்த வீட்டுக்குப் போனார். ஜெயித்தார்.

பதவியேற்ற பிறகு முதல் சிக்கல் மொழி. அம்மா படித்தது எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளியில். மலையாளம் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கூட்ட அஜண்டாவோ கட்டுக்கட்டாக மலையாளத்தில் வரும். அப்பா வாசித்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவும் முன்வந்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் வாசித்துச் சொன்னால் எனக்குத் தெரிந்தது நீங்கள் சொன்னது மட்டும்தான்" என்றார். இரவில் சமையலறையில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டி வாசிப்பார். முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் எதிர்க்கட்சிக் கவுன்சிலரின் குறிப்பில் இருந்த பிழையை எனக்குக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டார். திருச்சூருக்குப் பக்கத்தில் முளங்குன்னத்துக்காவில் இருக்கும் 'கிலா' என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கும் போய் வந்தார். அங்கே அவருக்குப் பிடித்த பாடம் எஸ்டிமேட், அதாவது ஒரு வேலைக்கான அளவும் செலவும் போட்ட மதிப்பீட்டைப் படிப்பது.

அந்தப் பாடம் எங்கள் ஓடைக்கு உதவியது. அங்காடியின் பின்புற ஓடையைப் புதுப்பிக்க வேலை ஒதுக்கியிருந்தார்கள். ஒருநாள் அம்மா தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஓடைக்குள் விட்டு ஆழம் பார்த்தார். எஸ்டிமேட்டில் இருந்த ஆழம் தரையில் இல்லை. ஒப்பந்தக்காரர் சிரித்தார், ஓவர்சியரைக் கேளுங்கள் என்றார். ஓவர்சியர் வந்ததும் அம்மா டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மறுபடியும் தோண்டினார்கள். நடுவில் சில கடைக்காரர்கள் ஓடையின் மேல் போட்டிருந்த ஸ்லாபை எடுக்க மாட்டோம் என்று அப்பாவிடம் வந்தார்கள். கூடவே வியாபாரம் செய்பவர்கள், கடன் கொடுத்து வாங்குபவர்கள். "வீட்டில் கொஞ்சம் சொல்லி வையுங்கள்" என்றார்கள். "கவுன்சிலர் வீட்டில்தான் இருக்கிறார், நீங்களே போய்ச் சொல்லுங்கள்" என்று அப்பா அனுப்பிவிட்டார். அதனால் அப்பாவுக்குக் கடையில் நஷ்டம்கூட வந்தது. ஸ்லாபை எடுத்தார்கள். அந்த ஆண்டு மழையில் தறிச்சந்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறவில்லை. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. பெருமைப்படுவதற்கு வெட்கப்பட மாட்டேன்.

உன் அப்பா நல்லவர், எல்லாக் கணவரும் அப்படியா என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். மனைவியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தானே கூட்டம் நடத்தும் கணவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி ஆராய ஒன்றிய அரசே 2023இல் ஒரு குழு அமைக்க வேண்டியிருந்தது. இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்பவர் கணவர். தண்டனையாக ஓட்டை மறுப்பது மட்டும் மனைவிக்கா? இன்னொன்றும் கேட்கிறேன். ஆண் கவுன்சிலரைக் கட்சிச் செயலாளரும் ஒப்பந்தக்காரரும் பின்னாலிருந்து ஆட்டிவைத்தபோது, "இவருக்கு ஏன் ஓட்டு" என்று நீங்கள் கேட்டீர்களா? 2020இல் திருவனந்தபுரம் மாநகராட்சியில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் மேயரானார். அப்போது அவர் கல்லூரி மாணவி, திருமணமும் ஆகவில்லை. அவரையும் யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்றுதான் சிலர் பேசினார்கள். கணவர் இருந்தால் கணவர், இல்லாவிட்டால் கட்சி. ஒரு பெண் தன் புத்தியால் ஒரு தாளில் கையெழுத்திடுவாள் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

என் உண்மையான வருத்தம் 2015இல் நடந்தது. கேரளத்தில் ஒதுக்கீடு சுழன்று வரும். இந்த முறை பெண்கள் வார்டு என்றால் பெரும்பாலும் அடுத்த முறை பொது வார்டு. எங்கள் வார்டும் பொதுவாயிற்று. பொது வார்டில் பெண் நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் கட்சி அம்மாவைக் கூப்பிட்டுக்கூடப் பேசவில்லை. ஒருவரை முடிவு செய்து நோட்டீஸ் அடித்துவிட்டு, அம்மாவைப் பிரச்சாரத்துக்கு மட்டும் அழைத்தார்கள். அவர் போனார். தனக்குப் பழக்கமான வீடுகளுக்கு அந்த வேட்பாளரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தினார். நான் போகாதீர்கள் என்றேன், கேட்கவில்லை. பெண்கள் திறமையில்லாமல் ஐந்தாண்டில் காணாமல் போகிறார்கள் என்று இனி யாராவது சொன்னால், பொது வார்டு என்பதை ஆண்கள் வார்டு என்று மாற்றி வைத்திருப்பது யார் என்று முதலில் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று அதில் இருக்கிறது. அம்மா பதவியில் இருந்தபோது ஒரு கிழவருக்காகத் தமிழில் எழுதிய மனுவை ஓர் அலுவலகத்தில் தொடாமலே திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் இப்படி. எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் போனால், "தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே, எப்போது கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். நாங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை ஐயா. 1956இல் மாநில எல்லை போட்டபோது எங்கள் தெரு இந்தப் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் வார்டுக்கு வருகிறேன். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது உடன் வரும் கணவரைப் பார்த்துப் பேசாதீர்கள். நம் ஆட்கள் அதைத்தான் செய்கிறார்கள், பிறகு கணவர்தான் பேசுகிறார் என்று குறையும் சொல்கிறார்கள். வேட்பாளரிடமே கேளுங்கள்: உங்கள் போன் நம்பர் என்ன, அதை யார் எடுப்பார்கள், இந்தத் தெருவில் ஓய்வூதியம் கிடைக்காதவர் யார், மழைத்தண்ணீர் எங்கே நிற்கிறது. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். ஒருவர் பதில் பிடிக்கவில்லையா, அடுத்தவரைக் கேளுங்கள். பெண்கள் வார்டில் நிற்கிற அத்தனை பேரும் பெண்கள்தாம். அவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரு தெரியவில்லை என்றால் வந்து எழுதுங்கள், அப்போது உங்கள் கேள்வியை ஒப்புக்கொள்கிறேன்.