சுளகும் சமன்பாடும்

அன்புள்ள அண்ணாச்சி,

பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெல்லை, தென்காசி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றும் 210 பெண்களிடம் வினாப்பட்டியல் நிரப்பியிருக்கிறேன். படிப்பு கூடினால் வருமானம் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. மின்சர் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். ஆர் ஸ்கொயர் (வருமான வேறுபாட்டில் எவ்வளவைச் சமன்பாடு விளக்குகிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) 0.09-க்கு மேல் ஏறவில்லை. படிப்பின் பலனோ பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. “இன்னும் கனமான மாடலாகப் போடு, இல்லாவிட்டால் எந்த ஆய்விதழும் எடுக்காது” என்கிறார் நெறியாளர். என் அம்மாவும் பீடி சுற்றியவர்தான். இந்தக் கணக்கில் அவரை எங்கேயும் காணவில்லை. கணிதம் நம் ஊருக்கு ஒத்துவராதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கணிதத்தின் மேல் பழி போடாதீர்கள். அது நீங்கள் கொடுத்ததைத்தான் அரைத்துத் தந்திருக்கிறது. உளுந்தைப் போட்டுவிட்டு அரிசிமாவு வரவில்லையே என்றால் ஆட்டுக்கல் என்ன செய்யும்?

ஜேக்கப் மின்சர் 1974-ல் வெளியிட்ட புத்தகத்தால் புகழ்பெற்ற சமன்பாடு அது. கூலியின் மடக்கையை ஒருபுறம் வைத்து, மறுபுறம் படித்த ஆண்டுகள், அனுபவம், அனுபவத்தின் வர்க்கம் ஆகியவற்றை வைப்பார்கள். இதில் அனுபவத்தை யாரும் கேட்டு எழுதுவதில்லை. வயதிலிருந்து படித்த ஆண்டுகளைக் கழித்து, மேலும் 6-ஐக் கழித்துவிடுவது வழக்கம். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். ஆறு வயதில் பள்ளிக்குப் போய், பள்ளியை விட்ட மறுநாள் வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது பொருந்தும். அமெரிக்கச் சம்பளக்காரருக்குப் பொருந்தியிருக்கலாம். மூன்றாம் வகுப்பு முடிந்து வந்து, பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு அம்மாவின் சுளகு (இலையும் தூளும் வைத்துச் சுற்றும் முறம்) பக்கத்தில் உட்கார்ந்து பீடி முனை மடக்கிய பெண்ணுக்கு? எட்டாம் வகுப்போடு நின்றபோது அவள் கையில் ஐந்தாண்டுப் பழக்கம் இருந்தது. உங்கள் கணக்கு அவளுக்கு அன்று பூஜ்யம் போடுகிறது. படிப்பில் ஓர் ஆண்டு கூடும்போதெல்லாம் அனுபவத்தில் ஓர் ஆண்டு களவு போகிறது.

எண்பதுகளில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக நானும் வினாப்பட்டியல் தூக்கிக்கொண்டு அலைந்தவன்தான். முக்கூடல் பக்கம் ஒரு வீட்டில், “நாளைக்கு எத்தனை சுற்றுவீர்கள்?” என்று கேட்டேன். “ஆயிரம்” என்றார் அந்த அம்மாள். எழுதிக்கொண்டேன். பெரிய மகள் கத்தரியால் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் பள்ளிச் சீருடையை மாற்றாமலே முனை மடக்கிக்கொண்டிருந்தாள். கண் தெரியாத பாட்டி நூல் முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். பீடிக் கடைப் பாஸ்புக்கில் ஒரு பெயர். சுளகைச் சுற்றி நான்கு ஜோடிக் கைகள். என் தாளில் கட்டம் ஒன்றுதான் இருந்தது, ஆயிரத்தையும் அதற்குள் அடக்கினேன். அந்தத் திட்டத்தின் அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. அதில் என் ஆயிரமும் எங்கோ ஒரு சராசரிக்குள் கிடக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

உங்கள் அம்மாவும் அப்படி ஒரு கட்டத்துக்குள்தான் இருக்கிறார்.

படிப்பின் பலன் பூஜ்யம் என்று வந்ததற்கு ஏன் கலங்குகிறீர்கள்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. பத்தாம் வகுப்பு படித்தவருக்கும் கைநாட்டுக்கும் ஒரே விலை. அங்கே படிப்புக்குத் தனிக் கூலி வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். படிப்பால் பலன் அடைந்தவர்கள் சுளகை ஓரம் வைத்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கும் துணிக்கடைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். நீங்கள் பீடி சுற்றுகிறவர்களை மட்டுமே தேடிப் போனீர்கள். போனவர்களை விட்டுவிட்டு இருப்பவர்களை மட்டும் அளந்தால், எவ்வளவு கனமான மாடலைப் போட்டாலும் அந்த ஓட்டை அடைபடாது. உங்கள் நெறியாளர் கேட்கும் கனத்தை மாடலில் அல்ல, வினாப்பட்டியலில் கூட்டுங்கள்.

இப்படி ஊருக்குள் போய்க் கேட்டு எழுதுவதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களைக் கொண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களை ஆராய்ந்தார். 1918-ல் புத்தகமாக வந்தது. அவற்றில் ஒன்று, மதுரைச் சாலையில் நீங்கள் எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்துபோயிருக்கும் கங்கைகொண்டான். இப்போது சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிற அதே ஊர். முப்பதுகளின் பிற்பகுதியில் தாமஸ், ராமகிருஷ்ணன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களை மறு ஆய்வு செய்தார்கள். எண்பதுகளில் மறுபடியும் ஒரு முறை. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனதால்தான் எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்ல முடிந்தது. ஸ்லேட்டரிடம் ஆர் ஸ்கொயர் கிடையாது. (இருந்திருந்தால் அவரையும் ஒரு நெறியாளர் படுத்தியிருப்பார்.)

நீங்கள் எந்த மாதத்தில் போனீர்கள் என்று எழுதவில்லை. அதுவும் முக்கியம். ஆற்றுப் பாசன ஊர்களில் பிசான (மழைக்கால நெல்) நடவு நேரத்தில் கேட்டால் ஒரு பதில், வேலையில்லாத கோடையில் கேட்டால் வேறு பதில். நடவுக்குப் போகிற கை அன்றைக்குப் பீடி சுற்றாது.

210 வீடுகளையும் மறுபடி ஏறி இறங்க வேண்டாம், ஒரு முப்பது போதும். வருமானத்தை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு எழுதுங்கள். சுளகைச் சுற்றி யார் யார், எத்தனை மணி நேரம், எந்த வேலை என்று தனித்தனியாகக் குறியுங்கள். எந்த வயதில் முதன்முதலாக முனை மடக்கினார்கள் என்று கேளுங்கள். கழித்துக் கண்டுபிடிக்க வேண்டாம், அவர்களே சொல்வார்கள். அந்த வீட்டிலிருந்து வெளியே போன பெண்களின் படிப்பையும் இப்போதைய வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிக்ரஷனை, அதாவது அந்தச் சமன்பாட்டுக் கணக்கை, போட்டுப் பாருங்கள். எண் ஏறாமலும் போகலாம். ஆனால் அப்போது அது எதைப் பற்றிய எண் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் வீடாக உங்கள் அம்மாவிடமே கேட்டு நிரப்புங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி