குழலை வெட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

கேள்வி: தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது. வானில் எறியும் தட்டைச் சுடும் போட்டிக்குப் பழக ஆசை. வேலூரில் துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, “ரெண்டு குழலும் வாய் இறுக்கம், ஃபுல் சோக். நாலு அங்குலம் வெட்டிடலாம். இல்லேன்னா கழட்டி மாட்டுற அஞ்சு சோக்கோட வர்ற புதுசு வாங்குங்க” என்கிறார். எது நல்லது? ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிலமும் இருக்கிறது. கௌதாரிக்கு எந்த சோக் சரி?
- வாசகர், குடியாத்தம்

பதில்: வெட்டவே வேண்டாம். அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறுக்குவது 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றம். சோக் என்பது குழல் வாயில் இருக்கும் குறுகல்தான். ரவை, அதாவது தோட்டாவில் உள்ள சிறு உருண்டைகள், எவ்வளவு விரியும் என்பது அதைப் பொறுத்தது. வெட்டினால் அது மொத்தமாகப் போய்விடும், திரும்ப வராது.

ஃபுல் சோக் என்று பயமுறுத்துகிறார்களே, அந்தக் குறுகல் சுமார் 1 மில்லிமீட்டர்தான். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் ஏறத்தாழ 70 சதவீத ரவையைப் போடும். இறுக்கம் குறைந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் 50. இருபது கஜத்தில் கதை வேறு. ஃபுல் சோக்கின் ரவை ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும், இம்ப்ரூவ்டு இரண்டடிக்கு மேல் விரியும். தட்டு சுடும் போட்டிகளில் ஸ்கீட், ட்ராப் என்று வகைகள் உண்டு. ஸ்கீட்டில் தட்டைச் சுடுவது இந்த 20 கஜத்தை ஒட்டித்தான், அதனால் அங்கே உங்கள் துப்பாக்கி சிரமம் தரும். ட்ராப்பில் தட்டு உங்களை விட்டு விலகி ஓடுகிறது, சுடும்போது 35 கஜம் தாண்டியிருக்கும். அங்கே இந்த இறுக்கம்தான் வேண்டும். ட்ராப்பில் ஆரம்பியுங்கள்.

ஆனாலும் அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ரேஞ்சில் நாலு சார்ட் பேப்பரை ஒட்டி நிறுத்தி, சுடப்போகும் தூரத்திலிருந்தே இரண்டு குழலையும் தனித்தனியாகச் சுட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். தோட்டா மாறினாலே கணக்கு மாறும். புதிதாகப் பழகுகிறவர் தட்டைத் தவறவிடுவது பெரும்பாலும் அதன் பின்னால் சுடுவதால். எந்த சோக்கும் அதைச் சரிசெய்யாது.

சோக்கைவிட முக்கியமானது ஒன்று: பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, 65 மில்லிமீட்டர்தான். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. குழலின் அடியில் உள்ள முத்திரையைப் பார்க்காமல் சுடாதீர்கள். ஸ்டீல் ரவையும் கூடாது.

கௌதாரிக்கு எந்த சோக்கும் சரியில்லை. சொந்த நிலமானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கிலாந்தில் ஃபெசன்ட் பறவையைச் சுடுகிறவர்கள் எழுதும் சோக் ஆலோசனையெல்லாம் அந்த ஊருக்கு.

பிறகு புதிது வாங்கினாலும் ஐந்து சோக்குக்காகக் கூடுதல் விலை தராதீர்கள். பழக்கத்தில் இரண்டுதான் கையில் புழங்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், தாத்தாவுடையதும் அதில் சேரும். கழற்றி மாட்டும் சோக் கம்பெனிக்குக் கம்பெனி மரை மாறும். விலை மலிவு என்று வேறு கம்பெனி சோக்கை மாட்டாதீர்கள். சுடுமுன் முடுக்கிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் குழல் வாயே கிழிந்துவிடும்.