பின்னை இழுத்தால் அலறும் அலாரம்: எதைப் பார்த்து வாங்குவது?

கைக்கு அடக்கமான பாதுகாப்பு அலாரம் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகளுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. கீ செயின் போலத் தொங்கும் அலாரம் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் 120 டெசிபல், 130, 140 என்று ஆளுக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். 140 இருப்பதுதானே நல்லது? (ஒரு தாய், படப்பை)

பதில்: அந்த எண்ணை முதலில் ஓரமாக வையுங்கள். எத்தனை தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று சொல்லாமல் டெசிபல் போடுவது, எங்கிருந்து என்று சொல்லாமல் 'இருபது கிலோமீட்டர்' என்பதைப் போலத்தான். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 120 என்றால் பத்து மீட்டரில் 100, நூறு மீட்டரில் 80. பத்து சென்டிமீட்டரில் வைத்து அளந்துவிட்டு 140 என்று அட்டையில் போட்டால், அதுவும் ஒரு மீட்டரில் 120 தான். ஆக, 140 போட்ட பெட்டியும் 120 போட்ட பெட்டியும் ஒரே சரக்காக இருக்க வாய்ப்பு உண்டு. 'ஒரு மீட்டரில் இவ்வளவு' என்று எழுதியிருக்கிறவர் கொஞ்சம் நாணயமானவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நூறு மீட்டரில் 80 என்றேன். லாரி ஓடும் ஒரகடம் சாலையின் இரைச்சலே அந்த அளவைத் தொடும். அங்கே நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கேட்கும் என்று நம்ப வேண்டாம். ஆனால் உங்கள் மகள் நடக்கப்போகும் தெருவில் பதினொன்றரை மணிக்கு அதே சத்தம் நாலு வீட்டு ஜன்னலைத் திறக்கவைக்கும். அலாரத்தின் வேலையே அதுதான். அது யாருக்கும் போன் செய்யாது, யாரையும் அடிக்காது. நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்து, ஓடுவதற்குச் சில விநாடிகள் வாங்கித் தரும்.

அப்புறம் எதைப் பார்ப்பது? பின்னைப் பாருங்கள். அழுத்தும் பட்டன் வைத்த அலாரத்தைப் பிடுங்குகிற ஆள் அதே பட்டனை அழுத்தி நிறுத்திவிடலாம். சிலவற்றில் இரண்டு முறை அழுத்த வேண்டும், சிலவற்றில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் எது என்று யாருக்கு நினைவிருக்கும்? பின்னை உருவுகிற வகை, பின்னைத் திரும்பச் செருகும்வரை கத்திக்கொண்டே இருக்கும். புதருக்குள் எறிந்தாலும் அங்கிருந்து கத்தும். பின்னோடு கை வார் ஒன்று வருகிறதா என்றும் பாருங்கள். வார் மணிக்கட்டில், அலாரம் பையின் வாரில். பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் பின் உங்கள் கையில் நின்றுவிடும், அலறல் பறித்தவனோடு போகும்.

பின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை நான் தாம்பரம் பஸ்ஸில் கற்றுக்கொண்டேன். முதலில் வாங்கிய அலாரத்தின் பின் தொளதொளவென்று இருக்கும். நிற்க இடமில்லாத கூட்டத்தில் பக்கத்தில் நின்றவரின் டிபன் பைக் கொக்கி அதில் மாட்டி, அவர் நகர்ந்ததும் பின் உருவிக்கொண்டது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார், நான் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அலாரத்தைப் பொத்திக்கொண்டு தரையில் பின்னைத் தேடினேன். பொத்தியதும் சத்தம் பாதியாக அடங்கிவிட்டதைக் கவனித்தேன். ஒலி வருகிற துளைகளை விரல் மூடினால் அவ்வளவுதான். மாட்டும்போது துளைகள் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். கைப்பைக்குள் ஜிப்புக்கு அடியில் போட்டுவைப்பதற்கு வாங்காமலே இருக்கலாம். மார்பு உயரத்தில், பையின் தோள் வாரில், துப்பட்டா மூடாத பக்கம் மாட்டுங்கள்.

வாங்கி வந்ததும் ஒன்று. பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி அனுப்புவார்கள், வழியில் பேட்டரி தீராமல் இருக்க. அதை எடுக்காமலே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். 120 டெசிபல் என்பது காது வலிக்கத் தொடங்கும் அளவு, காதருகே வேண்டாம். வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை என்று பின்னை இழுத்துப் பழகும்படி மகளிடம் சொல்லுங்கள்.

கூடவே போனையும் தயார் செய்துவிடுங்கள். 112 இந்தியா முழுவதற்குமான அவசர எண். பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இறக்கி, வீட்டார் எண்களைப் பதிந்து வைக்கலாம். 2017-க்குப் பிறகு இங்கே விற்கும் போன்களில் அவசர அழைப்பு வசதி இருந்தாக வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது, ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை தட்டுவது. சில போன்களில் ஐந்து முறை தட்ட வேண்டியிருக்கும், அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். இழுப்பது, வெளிச்சம் இருக்கிற பக்கம் ஓடுவது, பிறகு போன். இந்த வரிசைதான்.

கேள்வி: சார்ஜ் ஏற்றுவது நல்லதா, பேட்டரி மாற்றுவது நல்லதா? டார்ச் விளக்கு வேண்டுமா?

பதில்: என் ஓட்டு பேட்டரி மாற்றுவதற்கே. தினமும் பயன்படுத்தும் போனையே சார்ஜ் போட மறக்கிறோம். வருஷத்தில் ஒரு நாள்கூடத் தேவைப்படாத பொருளுக்கு யார் நினைவாகச் சார்ஜ் போடுவார்கள்? உள்ளே இருக்கும் பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல வடியும். செத்துப்போனால் மாற்றவும் முடியாது. எல்.ஆர். 44 அல்லது சி.ஆர். 2032 பட்டன் செல் போட்டதென்றால் தெருமுனை வாட்ச் கடையில் கிடைத்துவிடும். சார்ஜ் வகைதான் பிடிக்கிறது என்றால் டைப்-சி துளையும், சார்ஜ் குறைந்தால் காட்டும் விளக்கும் உள்ளதாக எடுங்கள். எந்த வகையானாலும் மாதம் ஒரு முறை ஒரு விநாடி இழுத்துப் பார்த்துவிட வேண்டும். கேஸ் புக் செய்கிற நாளோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருந்தே ஆக வேண்டும். பட்டன் செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்கவைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

டார்ச் இருந்தால் பூட்டுத் துளை தேட உதவும். ஆனால் பல மாடல்களில் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே பேட்டரி. தினமும் டார்ச்சாகப் பயன்படுத்திவிட்டு, வேண்டிய நாளில் அது கீச்சென்று மட்டும் சொன்னால் பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: செல்போன் செயலியில் அளந்து பார்த்தேன். அட்டையில் 130 போட்டிருக்கிறது, செயலி 96 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் செயலியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. போனின் மைக் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது; அவ்வளவு பெரிய சத்தத்தில் அது திணறி ஒரு உச்சத்தில் நின்றுவிடும். இப்படிச் சோதியுங்கள்: ஐம்பது மீட்டர் தள்ளி, கதவு மூடிய வீட்டுக்குள் ஒருவரை உட்காரவைத்து டிவியைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் தெருவில் இழுங்கள். அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தால் பெட்டி தேறியது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, தனியாக மாடி வீட்டில் இருக்கிறார். ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கீழ் வீட்டில் நாங்கள் இருந்தும் கேட்கவில்லை. அவருக்கும் இந்த அலாரம் போதுமா?

பதில்: போதாது. தெருவில் போகிறவர்கள் காதில் விழுவதற்காகச் செய்தது இது. உங்களுக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குத் தகவல் போவது. இதற்கென்று மாதச் சந்தா கேட்கும் கருவிகள் விற்கிறார்கள். அதற்கு முன்னால் எலக்ட்ரிக்கல் கடையில் கம்பியில்லாத காலிங் பெல் ஒன்று கேட்டுப் பாருங்கள். பட்டனை வாசலில் ஒட்டாமல், கயிறு கட்டி அம்மாவின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். மணியை உங்கள் படுக்கையறையில் வையுங்கள். பிளக்கில் செருகுகிற மணி கரன்ட் போனால் ஊமையாகிவிடும், ஆகவே பேட்டரியில் ஓடுகிற மணியாகக் கேளுங்கள். அட்டையில் நூறு மீட்டர் என்று இருந்தாலும் கான்கிரீட் தளம் ஒன்றைத் தாண்டும்போது பாதிகூடத் தேறாமல் போகலாம். குளியலறைக் கதவை மூடிக்கொண்டு, கீழே உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். விழுந்தவர் கை அந்த உயரத்தில்தான் இருக்கும். பட்டன் தண்ணீர் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தாங்காது என்றால் கழுத்திலிருப்பது போக இன்னொரு பட்டனைத் தண்ணீர் படாத சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒட்டிவிடலாம்.

கேள்வி: இணையத்தில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் வாரமே சத்தம் வரவில்லை. 'திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது' என்கிறார்கள்.

பதில்: பிடிக்கவில்லை என்று திருப்புவதற்கு வேண்டுமானால் அந்த நாள் கணக்கைச் சொல்லலாம். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி பெயர் தளத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பில், அட்டையின் படம், சத்தம் வராததைக் காட்டும் சின்ன வீடியோ மூன்றையும் இணையுங்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வரவில்லை என்றால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 450 ரூபாய்க்காக அலைவதா என்பது உங்கள் இஷ்டம்.

அடுத்த முறை வாங்கும்போது அட்டையில் எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதம், வருடம், புகார் எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இருக்க வேண்டியவை அவை. எதுவுமே இல்லாத அட்டை என்றால், பழுதானபின் யாரைக் கேட்பீர்கள்? அப்படி விற்பவர்மீது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் தரலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் செலவழிக்காமல் ஒரு விசில் போதாதா?

பதில்: முக்கால்வாசி போதும். பேட்டரி வேண்டாம், மழையில் நனையலாம், விலையும் குறைவு. உள்ளே உருண்டை இல்லாத விசிலாகப் பாருங்கள், ஈரம் பட்டாலும் அடைக்காது. ஒரே குறை, ஊத மூச்சு வேண்டும். ஓடிக்கொண்டே ஊதிப் பாருங்கள், தெரியும். என் பை வாரில் இரண்டும் தொங்குகின்றன.