கராத்தே கிட் (1984): வட்டில் பார்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

என் டிவிடியில் படம் 122 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்க நண்பரின் வட்டிலோ 127 நிமிடம். வெட்டிவிட்டார்களா?

ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை. நம் ஊர் டிவிடிகள் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அமைந்தவை. நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படம் அதில் 25 சட்டகங்களாக ஓடுவதால் 4 சதவீத வேகம் கூடுகிறது. குரல்களும் சற்றே மேலேறும். கராத்தே ஆசான் மியாகியாக நடித்த பாட் மொரிட்டாவின் தணிந்த குரலில் அது எனக்கு உறுத்துகிறது.

2019இல் வந்த 4கே வட்டு வாங்கலாமா? சண்டைக் காட்சிகள் எப்படி?

வாங்கலாம். ஆனால் இறுதிச் சண்டையை வைத்து இந்தப் படத்தின் வட்டை எடைபோடாதீர்கள். இறுதிப் போட்டி முழு வெளிச்சத்தில் நடப்பதால் எந்த வட்டிலும் ஓரளவு நன்றாகவே தெரியும். ஹாலோவீன் இரவில் எலும்புக்கூடு உடையணிந்தவர்கள் கம்பி வேலியருகே கதைநாயகன் டேனியலை அடிக்கும் காட்சியைப் பாருங்கள்: வெள்ளை எலும்புகளுக்கிடையே கறுப்புத் துணியின் மடிப்பு தெரிகிறதா, எல்லாம் ஒரே மையாக அப்பிக்கிடக்கிறதா?

அடுத்து, பழைய ராணுவ உடையில் மியாகி குடித்துவிட்டு அமர்ந்திருக்கும் காட்சி. இரண்டாம் உலகப்போரில் அவர் அமெரிக்க ராணுவத்தின் ஜப்பானிய வம்சாவளியினர் அடங்கிய 442ஆம் படைப்பிரிவில் போரிட்டுக்கொண்டிருந்தபோது, அதே வம்சாவளியினரை அமெரிக்கா அடைத்துவைத்த மன்சனார் முகாமில் மனைவியும் குழந்தையும் பிரசவத்தின்போது இறந்ததை டேனியல் அங்கேதான் அறிகிறான். அதை நீக்கச் சொன்ன ஸ்டுடியோவுக்கு இயக்குநர் ஜான் அவில்ட்சன் இணங்கவில்லை. சிறுவயதில் அதுபோன்ற ஹிலா ரிவர் முகாமில் அடைபட்டிருந்தவரான மொரிட்டா, இந்த வேடத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். மங்கிய விளக்கொளியில் எடுத்த அந்த முகத்தில் பிலிம் துகள், அதாவது பிலிமுக்கே உரிய நுண்புள்ளிகள், இருந்தே தீரும். அதைப் படத்தின் பழுது என்று துடைத்தெடுத்தால் சுருக்கங்களும் போய்விடும். பயிற்சி என்று டேனியல் தேய்க்கும் மெழுகு காருக்குப் போதும். மியாகியின் முகத்துக்கு வேண்டாம்.

எந்த வட்டானாலும், தொலைக்காட்சியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை முதலில் அணையுங்கள்.

4கே வட்டு என் ப்ளூ-ரே பிளேயரில் ஓடுமா?

ஓடாது. 4கே பிளேயர் தனியாக வேண்டும்.

இறுதிப் போட்டியில் எதிராளி ஜானியின் முகத்தில் டேனியல் விடும் கடைசி உதை விதிமீறல்தானே? ஜானிதானே வென்றிருக்க வேண்டும்?

வட்டைப் பற்றிய கேள்வியல்ல, இருந்தாலும் விடமாட்டேன். போட்டி தொடங்குமுன் இடுப்புக்கு மேல் எங்கு பட்டாலும் புள்ளி என்று தோழி அலி டேனியலுக்கு விளக்குகிறாள்; தலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறாள். டேனியலின் முழங்காலில் தாக்கிய, ஜானியின் கூட்டாளி பாபி தகுதியிழக்கிறான். அடிபட்ட அதே காலில் முழங்கையால் இடித்த ஜானிக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. விதியை மீறியது எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் கராத்தே பயின்றவன். உண்மையான போட்டியில் முகத்தில் அப்படி உதைத்தால் வெளியேற்றுவார்கள்.

புள்ளிமுறைப் போட்டிகளில் அடியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது சரி. ஆனால் கதைக்குள் நடக்கும் போட்டியைக் கதை சொல்லும் விதியைக் கொண்டுதான் அளக்க முடியும். எழுதிய ராபர்ட் மார்க் கேமன் கோஜு-ரியு என்ற கராத்தே பாணியைப் பயின்றவர். மியாகி என்ற பெயரே அந்தப் பாணியை நிறுவிய ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக்காரர் சோஜுன் மியாகியை நினைவூட்டுகிறது. கராத்தே தெரியாமல் எழுதியதாக மட்டும் சொல்லாதீர்கள்.

மறுபடியும் பார்த்தேன். நடுவர் கவனிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

நடுவர் பக்கத்திலேயே நிற்கிறார் ஐயா. இதோடு இந்த வழக்கை முடித்துக்கொள்வோம்.

சாதாரணப் ப்ளூ-ரே பிளேயரில் 4கே…

மேலே பாருங்கள்.

2010 படத்தின் வட்டு எப்படி?

பெய்ஜிங்கில் நடக்கும் அந்தக் கதையில் ஜாக்கி சான் கற்றுத்தருவது குங்ஃபூ. அதை விரும்பிப் பார்த்தவரிடம் கேளுங்கள்.

மகனை எந்த வயதில் கராத்தே வகுப்பில் சேர்க்கலாம்?

நான் வட்டுகளைப் பார்ப்பவன். நல்ல ஆசானைக் கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் இங்கே ஓடுமா?

ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம்; ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய வட்டு மற்றதில் ஓடாது. ஆகவே பூட்டில்லாத வட்டா என்று பார்த்து வாங்குங்கள். 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. அதற்கும் 4கே பிளேயர்தான் வேண்டும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். அசைவு வசதியையும் அணைத்துவிடுங்கள்.